நான்கு கன்றுகளும் ஒரு வைரசும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களுக்குப் பசு கன்று ஈன்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை எதுவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கன்றுக்குக் கடும்புப் பால் ஊட்ட வேண்டும். மஞ்சள் நிறமாய், தடிப்பாய்ச் சுரக்கும் அந்த முதற்பால் கிடைக்காத கன்று தேறி வருவது கடினம். இதற்குத் தெளிவான காரணம் உண்டு. மனிதக் குழந்தைக்குத் தாயின் பிறபொருளெதிரிகள், அதாவது கிருமிகளைப் பற்றி முடக்கும் புரதங்கள், கருப்பையில் இருக்கும்போதே சூல்வித்தகம் வழியாகக் கிடைத்துவிடுகின்றன. பசுவின் சூல்வித்தகம் அவற்றைக் கடக்க விடுவதில்லை. அதனால் கன்றின் குருதியில் பிறக்கும்போது பிறபொருளெதிரிகள் ஏறக்குறைய இல்லை. தாய் சேர்த்துவைத்த காவல் முழுவதும் கடும்பிலேயே வருகிறது. கன்றின் குடல் அந்தப் பெரிய புரதங்களை அப்படியே குருதிக்குள் விடுவது முதல் 24 மணித்தியாலம் அளவுக்குத்தான். அதிலும் மணிக்கு மணி அந்த வாசல் அடைபட்டுக்கொண்டே போகும்.

மாடுகள் உருவாக்கும் பிறபொருளெதிரிகள் 2017 ஆம் ஆண்டு ஜூலையில் உலகின் கவனத்தை ஈர்த்தன. எச்.ஐ.வி தடுப்பூசிக்காகச் செய்யப்பட்ட ஒரு புரதத்தை நான்கு கன்றுகளுக்கு ஏற்றிய ஆய்வு ‘நேச்சர்’ இதழில் வெளியானது. எச்.ஐ.வியின் ஒரு வகையை மாத்திரமல்லாமல் பல நாடுகளில் பரவும் பல வகைகளையும் முடக்கவல்ல பிறபொருளெதிரிகள் நான்கு கன்றுகளிலும் தோன்றியிருந்தன. அதுவரை எந்தத் தடுப்பூசியும் எந்த விலங்கிலும், மனிதரிலும் கூட, இதை நம்பத்தக்க வகையில் செய்து காட்டியதில்லை.

எச்.ஐ.வி பசுவைத் தொற்றுவதில்லை. அப்படியிருக்க, தனக்கு ஆபத்தே விளைவிக்காத ஒரு வைரசுக்கு எதிராக மாடு இவ்வளவு சிறப்பாகப் பதில் தருகிறது. அந்த வைரசால் சாகும் மனிதரின் உடல் தடுமாறுகிறது. ஒரு தடுப்பூசியின் வெற்றியில் குப்பிக்குள் இருப்பது பாதிதான். அதை ஏற்கும் உடல் எத்தகைய பிறபொருளெதிரிகளைச் செய்ய வல்லது என்பது மறுபாதி. கடந்த நாற்பது ஆண்டு விலங்காய்வுகள் கற்பித்த பாடங்களில் இதை விடப் பெரியது இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பிடி கொடுக்காத வைரசு

கால்நடை வளர்ப்பவர்களுக்குக் கால்வாய் நோய் தெரியும். குளம்பிலும் வாயிலும் கொப்புளம் கண்டு, பால் வற்றி, மாடு படுத்துவிடும். அந்த வைரசில் ஏழு பெரும் வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராக ஏற்றிய தடுப்பூசி இன்னொரு வகையைத் தடுப்பதில்லை. ஆகையால் எந்த வகை பரவுகிறது என்று பார்த்தே தடுப்பூசியைத் தெரிவுசெய்கிறார்கள். ஏழு வகைக்கே இந்தப் பாடு. எச்.ஐ.வியோ தொற்றிய ஒவ்வொருவரின் உடலிலும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கிறது. சில ஆண்டுகளில் ஒரே ஒருவரின் குருதியில் திரளும் வகைவேறுபாடு, உலகம் முழுவதும் ஓராண்டில் பரவும் இன்புளுவென்சா வைரசின் வகைவேறுபாட்டுக்கு ஈடாகிறது.

பிறபொருளெதிரி பற்றக்கூடிய இடம் எச்.ஐ.வியின் மேற்பரப்பில் ஒன்றுதான்: அதன் உறைப்புரத முளை. ஒரே மாதிரியான மூன்று பகுதிகள் சேர்ந்த மும்மடி அமைப்பு அது. இன்புளுவென்சா வைரசின் மேல் இத்தகைய முளைகள் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும். எச்.ஐ.வியின் மேல் சராசரியாக 14 அளவில்தான் உள்ளன. பிறபொருளெதிரிக்கு இரண்டு கைகள். இரண்டும் ஒரே நேரத்தில் பற்றினால்தான் பிடி இறுகும். முளைகள் தள்ளித் தள்ளி நிற்பதால் இரண்டாவது கைக்குப் பெரும்பாலும் எதுவும் எட்டுவதில்லை.

இன்னும் பெரிய தடை அந்த முளையைப் போர்த்தியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். முளையின் எடையில் ஏறத்தாழப் பாதி இந்தச் சர்க்கரைதான். அதைச் செய்து பொருத்துவது வைரசு புகுந்திருக்கும் மனிதக் கலமே. சொந்தச் சர்க்கரையாகத் தெரிவதால் நோயெதிர்ப்புத் தொகுதி அதைத் தாக்கத் தயங்குகிறது. சர்க்கரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள் விரைந்து மாறுபவை. மாறாத பகுதிகளோ ஆழத்தில் இருக்கின்றன. மனிதக் கலத்தின் சிடி4 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டே வைரசு உள்ளே நுழைகிறது. அதைப் பற்றும் இடத்தை மாற்றிக்கொண்டால் வைரசால் நுழையவே முடியாது. ஆகவே அந்த இடம் எல்லா வகைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் அது ஒரு குழிக்குள், சர்க்கரைச் சங்கிலிகளின் நடுவே கிடக்கிறது.

எச்.ஐ.வி தொற்றியவர்களில் பத்தில் ஒருவர் இருவருக்கு, ஆண்டுகள் சென்றபின், அந்த ஆழமான இடங்களை எட்டும் பிறபொருளெதிரிகள் தாமாகவே உருவாகின்றன. பல வகை வைரசுகளையும் முடக்குவதால் அவற்றைப் பரந்த வீச்சுப் பிறபொருளெதிரிகள் என்கிறோம். அவை தோன்றும் காலத்துக்குள் வைரசு உடலில் வேரூன்றிவிடுவதால் அந்த மனிதருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. தொற்றுவதற்கு முன்பே, நலமாக இருப்பவரின் உடலில் அவற்றை உருவாக்குவதுதான் தடுப்பூசி ஆய்வாளர்களின் கனவு.

ஏமாற்றிய வெற்றிகள்

1984 இல் எச்.ஐ.விதான் எய்ட்ஸ் நோய்க்குக் காரணம் என்ற அறிவிப்பு வாஷிங்டனில் வெளியானபோது, இரண்டு ஆண்டுகள் அளவில் ஒரு தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்ற நம்பிக்கையும் அங்கேயே வெளியிடப்பட்டது. 1990 இல் அந்த நம்பிக்கைக்கு உரமூட்டும் செய்தி கிடைத்தது. வைரசின் முளையின் ஒரு பகுதியான ஜிபி120 என்னும் புரதத்தை இரண்டு சிம்பன்சிகளுக்கு ஏற்றி, பின்னர் வைரசைச் செலுத்திப் பார்த்தபோது இரண்டும் தொற்றிலிருந்து தப்பின. அவற்றின் குருதியில் வைரசை முடக்கும் பிறபொருளெதிரிகள் நிறையவே இருந்தன.

அந்த வெற்றி சோதனைக்கு எடுத்த வைரசோடு நின்றுவிட்டது. அது ஆய்வுகூடக் கலங்களில் நெடுங்காலம் வளர்ந்து பழகிய வகை. அப்படிப் பழகிய வைரசின் முளை இளகித் திறந்துகொள்வதால் எந்தப் பிறபொருளெதிரியும் எளிதில் பற்றும். மனிதருக்கு மனிதர் பரவும் வைரசின் முளை இறுக மூடியிருக்கும். ஜிபி120 ஐ அடிப்படையாகக் கொண்ட எய்ட்ஸ்வேக்ஸ் தடுப்பூசி வட அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கும், தாய்லாந்தில் ஏறத்தாழ 2,500 பேருக்கும் சோதிக்கப்பட்டது. 2003 இல் முடிவுகள் வந்தன. ஏற்றிக்கொண்டவர்களின் உடலில் பிறபொருளெதிரிகள் உருவாகியிருந்தும் தொற்று குறையவில்லை.

1991 இல் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். குரங்குகளில் எய்ட்ஸ் போன்ற நோயை உண்டாக்கும் எஸ்.ஐ.வி என்னும் வைரசைக் கொன்று தடுப்பூசியாக்கிக் குரங்குகளுக்கு ஏற்றியபோது அவை பாதுகாக்கப்பட்டன. பல ஆய்வுகூடங்கள் இதே முடிவைக் கண்டன. பிரித்தானியாவில் ஜேம்ஸ் ஸ்டாட் தலைமையிலான குழு ஓர் எளிய ஒப்பீட்டையும் சேர்த்துச் செய்தது. வைரசை வளர்க்கப் பயன்பட்ட மனிதக் கலங்களை, வைரசு எதுவும் இல்லாமல், வேறு சில குரங்குகளுக்கு ஏற்றினார்கள். அவற்றிலும் சில பாதுகாக்கப்பட்டன. வைரசு ஒரு கலத்தைவிட்டு வெளியேறும்போது அந்தக் கலத்தின் மேற்பரப்புப் புரதங்களையும் தன் உறையில் சுமந்துகொண்டு வருகிறது. குரங்கின் உடல் தாக்கியது அந்த மனிதப் புரதங்களை. மனிதருக்கு மனிதர் தொற்றும் வைரசின் உறையில் இருப்பதும் மனிதப் புரதம். அதை நம் உடல் அந்நியமாகக் கருதுவதில்லை. பாதுகாப்பு உண்மை. ஆனால் அதற்குக் காரணமென்று எல்லோரும் நம்பியது தவறு.

இந்த இரண்டு நிகழ்வுகளும் விலங்காய்வு செய்யும் முறையையே மாற்றின. பிறபொருளெதிரி உருவானதா என்று கேட்டால் போதாது. எதைப் பற்றும் பிறபொருளெதிரி, எந்த வகை வைரசை முடக்குகிறது, எவ்வளவு நீர்த்தபின்னும் முடக்குகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கிண்ணக்குழியில் ஓர் அளவீடு

இந்தக் கேள்விகளுக்கு விடை காணும் சோதனையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். 96 சிறு கிண்ணக்குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. தடுப்பூசி ஏற்றிய விலங்கின் குருதியிலிருந்து கலங்களை நீக்கி எடுத்த சீரத்தை முதற்குழியில் 20 மடங்கு நீர்த்து விடுகிறார்கள். அடுத்த குழியில் 60 மடங்கு, அதற்கடுத்ததில் 180 மடங்கு என்று மும்மூன்று மடங்காக நீர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு வைரசைச் சேர்த்து, உடற்சூட்டில் ஒரு மணித்தியாலம் வைக்கிறார்கள். பின்னர் கலங்களைச் சேர்க்கிறார்கள். அந்தக் கலங்களுக்குள் மின்மினிப் பூச்சியின் ஒளிரும் நொதியத்துக்கான மரபணு பொருத்தப்பட்டிருக்கிறது. வைரசு உள்ளே நுழைந்தால் அது விழித்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து, உரிய வேதிப்பொருளை ஊற்றிக் கருவியில் வைத்தால், வைரசு நுழைந்த குழி ஒளிரும், நுழையாத குழி இருண்டிருக்கும். ஒளி பாதியாகக் குறையும் நீர்ப்பு எதுவோ அதுவே அந்தச் சீரத்தின் டைட்டர். 300 என்றால், 300 மடங்கு நீர்த்தபின்னும் அந்தச் சீரம் வைரசில் பாதியைத் தடுத்தது என்று பொருள்.

இதே சோதனையை ஒரு வைரசோடு நிறுத்தாமல், உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட வகைகளோடு செய்கிறார்கள். எத்தனை வீத வகைகளை முடக்குகிறது என்பது சீரத்தின் வீச்சு. இன்று எச்.ஐ.வி தடுப்பூசி பற்றிய எந்த விலங்காய்வையும் டைட்டர், வீச்சு ஆகிய இந்த இரண்டு எண்களைக் கொண்டே எடைபோட வேண்டும்.

முயலும் குரங்கும் தந்த அரைப் பதில்

ஜிபி120 தனித்த துண்டு. வைரசின் மேல் இருப்பதோ மும்மடி முளை. அந்த முளை தானாகவே பிரிந்து சிதறும் இயல்பு கொண்டது. அதைச் சிதறாமல் கட்டி நிறுத்தப் பல ஆண்டுகள் ஆயின. ஜோன் மூர், ரோஜியர் சாண்டர்ஸ் ஆகியோரின் குழுக்கள் புரதத்தில் சில அமினோ அமிலங்களை மாற்றி, கந்தகப் பிணைப்பொன்றைச் சேர்த்து, இயற்கை முளையின் வடிவத்திலேயே நிற்கும் ஒரு மும்மடியைச் செய்து முடித்தன. அதன் பெயர் பிஜி505 சோசிப். கென்யாவின் நைரோபியில் தொற்றுக்குள்ளான ஒரு குழந்தையிடம் கண்ட வைரசின் வரிசையைக் கொண்டு அது செய்யப்பட்டது. 2013 இல் அதன் முப்பரிமாண அமைப்பு வெளியானபோது, சரியான பொருள் கடைசியில் கைக்கு வந்துவிட்டதென்று துறையினர் நம்பினார்கள்.

முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். பழகிய ஆய்வுகூட வைரசுகளை மாத்திரமல்லாமல் பரவும் தன்மையுள்ள கடினமான பிஜி505 வைரசையும் முடக்கும் பிறபொருளெதிரிகள் உருவாயின. 2015 இல் வெளியான அந்த முடிவு பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வீச்சு இல்லை. அதே வைரசை முடக்கிய சீரம் பக்கத்து வகையைக் கண்டதும் செயலிழந்தது. காரணத்தைத் தேடியபோது, பெரும்பாலான எச்.ஐ.வி வகைகளில் சர்க்கரை மூடியிருக்கும் ஓரிடம் பிஜி505 இல் திறந்திருப்பது தெரிந்தது. முயலின் பிறபொருளெதிரிகள் அந்த ஓட்டையையே குறிவைத்தன. எளிதாக எட்டும் இடம் இருக்கும்போது உடல் கடினமான இடத்தைத் தேடிப் போவதில்லை. ரீசஸ் குரங்குகளிலும் முடிவு ஏறத்தாழ இதுவே: ஏற்றிய வகைக்கு எதிராக நல்ல டைட்டர், மற்ற வகைகளுக்கு எதிராகப் போதாத வீச்சு.

தவறு புரதத்தில் இருக்கிறதா, அதை ஏற்கும் விலங்கில் இருக்கிறதா? இதை அறியத்தான் கன்றுகளை அழைத்தார்கள்.

மாட்டின் நீண்ட கை

பிறபொருளெதிரியின் நுனியில் இலக்கைப் பற்றும் ஆறு வளையங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று மற்றவற்றை விடப் பெரிதும் மாறுபடக்கூடியது. மனிதரில் அந்த வளையத்தின் நீளம் சராசரியாக 15 அமினோ அமிலம் அளவு. 30 ஐ நெருங்குவது அபூர்வம். அப்படி நீண்ட வளையம் கொண்ட பிறபொருளெதிரிகளைச் செய்யும் பி கலங்கள் சொந்த உடலையே தாக்கும் இயல்பைக் காட்டுவதால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே களையப்பட்டுவிடுகின்றன. மாடுகளின் கதை வேறு. அவற்றின் பிறபொருளெதிரிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிக நீண்ட வளையம் கொண்டவை. சில 70 அமினோ அமிலத்தையும் தாண்டுகின்றன. 2013 இல் வாகன் ஸ்மைடர் குழு அவற்றின் வடிவத்தைக் கண்டறிந்தது. மெல்லிய நீண்ட ஒரு தண்டு, அதன் முனையில் இறுக மடிந்த ஒரு சிறு குமிழ்.

கண்டல் வேரடியில் களிநண்டு வளைக்குள் கை முழுவதும் நுழையாது, முனை வளைந்த கம்பி நுழையும். எச்.ஐ.வி முளையின் சர்க்கரைக்கு நடுவே உள்ள குழியைப் பொறுத்தவரை மனிதப் பிறபொருளெதிரி கை, மாட்டின் பிறபொருளெதிரி கம்பி. டெவின் சாக், டெனிஸ் பர்ட்டன், ஸ்மைடர் ஆகியோர் இருந்த ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையக் குழு, சர்வதேச எய்ட்ஸ் தடுப்பூசி முன்னெடுப்போடும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து இந்த ஊகத்தைச் சோதித்தது. முயலுக்கும் குரங்குக்கும் ஏற்றிய அதே பிஜி505 சோசிப், நான்கு கன்றுகள். புரதத்தில் எந்த மாற்றமும் இல்லை, பல வகைகளைக் கலந்து கொடுக்கவும் இல்லை.

ஒரு கன்றின் சீரத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். 42 ஆம் நாளிலேயே அது 117 வகைகள் கொண்ட தொகுதியில் 20 வீதத்தை முடக்கியது. 381 ஆம் நாளில் 96 வீதம். மனிதரில் தொற்று ஏற்பட்டபின் சிலருக்கு மாத்திரம் ஆண்டுக்கணக்கில் தோன்றுவது ஒரு கன்றில் ஆறு வாரத்தில் தலைகாட்டிவிட்டது. அந்தக் கன்றின் பி கலங்களிலிருந்து தனித்தெடுத்த ஒரு பிறபொருளெதிரிக்கு என்.சி.கவ்1 என்று பெயரிட்டார்கள். அதன் நீண்ட வளையம் 60 அமினோ அமிலம். அது ஒன்றே அந்த 117 வகைகளில் 72 வீதத்தை முடக்கியது. தேவைப்பட்ட அளவோ ஒரு மில்லிலீற்றரில் மைக்ரோகிராமின் சிறு பின்னம்தான். 2020 இல் அதன் அமைப்பைப் படமெடுத்துப் பார்த்தபோது, நீண்ட தண்டு சர்க்கரைகளின் இடைவெளியால் உள்ளே போய், முனைக் குமிழ் சிடி4 பற்றும் இடத்தில் அமர்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

மாட்டின் பிறபொருளெதிரியை எச்.ஐ.விக்கு எதிராகத் தேடியவர்கள் இவர்கள் மட்டுமல்லர். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் டேமியன் பர்சல் இருந்த குழு, சினைப்பசுக்களுக்கு எச்.ஐ.வி உறைப்புரதத்தை ஏற்றி, அவை ஈன்றபின் சுரந்த கடும்பிலிருந்து பிறபொருளெதிரிகளைப் பிரித்து, அவை பல வகை வைரசுகளை முடக்குவதை 2012 இல் காட்டியிருந்தது. பெண்கள் தாமே பயன்படுத்தக்கூடிய, குறைந்த செலவிலான ஒரு தடுப்புப் பூச்சு செய்ய முடியுமா என்பதே அவர்களின் நோக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பசும்பாலோ கடும்போ தயிரோ எச்.ஐ.வியைத் தடுப்பதில்லை, குணப்படுத்துவதுமில்லை. ஊர் மாடுகளில் இந்தப் பிறபொருளெதிரிகள் கிடையாது. அவை தடுப்பூசிப் புரதத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றிய ஆய்வு மாடுகளில் உருவானவை. அப்படி ஒரு மாட்டின் பாலையே குடித்தாலும் வளர்ந்த மனிதரின் வயிறு அந்தப் புரதங்களைச் செரித்துவிடும். ஊசியால் நேரே ஏற்றினாலும் சிக்கல் தீராது. பாம்புக்கடிக்கு நம் வைத்தியசாலைகளில் ஏற்றும் விஷமுறி மருந்து இந்தியாவில் குதிரைகளின் குருதியிலிருந்து செய்யப்படுவது. உயிரைக் காக்கும் அந்த மருந்தே பலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதை வயற்கரையில் வாழ்பவர்கள் அறிவார்கள். மாட்டுப் புரதத்தையும் மனித உடல் அந்நியமென்றே கண்டு விரட்டும். மனிதருக்கு ஏற்றவாறு அதை மாற்றியமைத்த பின்னரே மருந்தாக நினைத்துப் பார்க்கலாம்.

கன்றுகள் தந்த பெரிய பயன் மருந்தை விட அறிவுதான். பிஜி505 சோசிப் சரியான இலக்கைச் சரியான வடிவில் காட்டுகிறது என்பது அவற்றால் உறுதியானது. குறை, அதைப் பார்க்கும் மனித உடலின் கையிருப்பில் இருக்கிறது.

எவ்வளவு இருந்தால் போதும்?

கன்றுகளுக்கு எச்.ஐ.வி தொற்றாது என்பதால், பிறபொருளெதிரி உண்மையில் தொற்றைத் தடுக்குமா என்ற கேள்விக்கு அவற்றால் விடை சொல்ல முடியாது. அதற்குக் குரங்குகள் வேண்டும். ரீசஸ் குரங்கு, இலங்கையின் காடுகளிலும் கோயில் வளாகங்களிலும் நாம் காணும் செங்குரங்கின் பேரினத்தைச் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து ஒரு காலத்தில் பெருமளவில் ஏற்றுமதியானது. 1978 இல் இந்தியா அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. எச்.ஐ.வியின் உறையையும் எஸ்.ஐ.வியின் உட்பகுதியையும் இணைத்து ஆய்வுகூடத்தில் செய்த ஷிவ் என்னும் கலப்பு வைரசு இந்தக் குரங்குகளைத் தொற்றும்.

2020 இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியான ஓர் ஆய்வின் முதல் ஆசிரியர் பிரபு அருணாசலம். ஸ்டான்ஃபோர்டில் பாலி புலேந்திரன், எமரியில் ராம ராவ் அமரா ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் அதில் கைகோத்தன. ஒரு பிரிவுக் குரங்குகளுக்கு மும்மடிப் புரதம் மட்டும் ஏற்றப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு அதோடு, வைரசின் உட்புறப் புரதத்துக்கான மரபணுவைச் சுமந்த வேறு வைரசுகளும் கொடுக்கப்பட்டன. இவை, தொற்றிய கலங்களைத் தாக்கும் டி கலங்களைப் பழக்குவதற்கு. பின்னர் பத்து முறை யோனி வழியாக வைரசைச் செலுத்திப் பார்த்தார்கள். முதற்பிரிவில் 53.3 வீதமும் இரண்டாம் பிரிவில் 66.7 வீதமும் பாதுகாப்புக் கிடைத்தது. பொதுவாக டைட்டர் 300 ஐத் தாண்டியவை தப்பின. ஆனால் டி கலங்களும் பழகியிருந்த பிரிவில் 300 க்குக் குறைந்த டைட்டர் உள்ளவையும் தப்பின. ஐந்து மாதம் கழித்து மேலும் ஆறு முறை வைரசைச் செலுத்தியபோதும் அந்தப் பிரிவில் பாதுகாப்பு நிலைத்தது. யோனியின் திசுவிலேயே குடியிருக்கும் டி கலங்கள், வாசலைத் தாண்டி நுழையும் சில வைரசுகளைச் சமாளிப்பதால் பிறபொருளெதிரியின் சுமை குறைகிறது என்பது அவர்களின் முடிவு.

இந்த ஆய்வின் வரம்பையும் சொல்ல வேண்டும். செலுத்திய வைரசு, தடுப்பூசியில் இருந்த அதே பிஜி505 வகை. வெளியுலகில் அந்தப் பொருத்தம் அமையாது. எனினும் எவ்வளவு பிறபொருளெதிரி வேண்டும் என்பதற்கு ஓர் எண் கிடைத்தது. அந்த எண்ணை வேறு வழியில் குறைக்கலாம் என்பதும் தெரிந்தது. மனிதரிடமிருந்து கிடைத்த விஆர்சி01 என்னும் பரந்த வீச்சுப் பிறபொருளெதிரியை 4,600 பேருக்கு மேற்பட்டோரிடம் சோதித்த ஆய்வு 2021 இல் வெளியானது. மொத்தத்தில் அது தொற்றைத் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு எளிதில் அடங்கும் வைரசு வகைகளால் வரும் தொற்றை ஏறத்தாழ 75 வீதம் குறைத்தது. போதிய வலிமையும் வீச்சும் இருந்தால் பிறபொருளெதிரி மனிதரையும் காக்கும் என்பதற்கு அது நேரடிச் சான்று.

இந்த அறிவுக்காக உயிரிழந்த குரங்குகளை மறந்துவிட்டு எழுதுவது சரியல்ல. சிம்பன்சிகளைத் துன்புறுத்தும் ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசு இப்போது ஆதரவளிப்பதில்லை. குரங்காய்வுகளின் எண்ணிக்கையும் குறைய வேண்டும். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத, சரியான வைரசைப் பயன்படுத்தாத ஆய்வு, விலங்கின் உயிரையும் மனிதரின் நம்பிக்கையையும் ஒருசேர வீணாக்குகிறது. 1991 இன் பாடத்தை நெஞ்சில் வைத்திருப்பது ஆய்வாளரின் கடமை.

மனித உடலின் கையிருப்பிலிருந்து தொடங்குதல்

மனிதருக்கு மாட்டின் நீண்ட வளையம் இல்லை. ஆனாலும் தொற்றியவர்களில் சிலருக்குப் பரந்த வீச்சுப் பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன. ஆகவே அவற்றின் மூலக் கலங்கள் நம்மிடம் உள்ளன. சில வகைகளில் அவை பல லட்சம் பி கலங்களில் ஒன்றுதான். சாதாரணத் தடுப்பூசிப் புரதம் அந்த அபூர்வக் கலத்தை எழுப்புவதில்லை. ஆகவே வில்லியம் ஷீஃப் போன்ற ஆய்வாளர்கள் தலைகீழாகத் தொடங்கினார்கள். முதலில் அந்த மூலக் கலம் பற்றக்கூடிய ஒரு புரதத்தை வடிவமைப்பது, பிறகு படிப்படியாக உண்மையான முளையை ஒத்த புரதங்களைக் கொடுத்து அந்தக் கலத்தின் வாரிசுகளைப் பழக்குவது.

மனிதப் பிறபொருளெதிரி மரபணுக்கள் பொருத்திய சுண்டெலிகளில் இதைச் சோதித்துவிட்டு மனிதருக்கு வந்தார்கள். முதற்படி ஊசியைப் பெற்ற 36 பேரில் 35 பேருக்கு, எதிர்பார்த்த வகை மூலக் கலங்கள் எழுந்தன. 2022 இல் ‘சயன்ஸ்’ இதழ் இதை விரிவாக வெளியிட்டது. மனிதரில் நீண்ட வளையம் கொண்ட இன்னொரு வகை மூலக் கலத்தை எழுப்பும் புரதம் ரீசஸ் குரங்குகளில் பலன் தந்ததை 2024 இல் ஷீஃப் குழு காட்டியது. ஒரே புரதத்தைக் கொண்டு கன்றின் உடல் செய்ததை, வெவ்வேறு புரதங்களின் பல ஊசிகளில், ஒவ்வொரு படியையும் வடிவமைத்து, மனித உடலைக் கொண்டு செய்விக்கும் முயற்சி இது. படிகள் அனைத்தும் ஏறி முடிந்துவிடவில்லை. முடக்கும் வலிமை பெற்ற பிறபொருளெதிரி நலமுள்ள மனிதர் பெரும்பாலோரிடம் தடுப்பூசியால் உருவாகி, அது தொற்றையும் தடுத்ததென்று காட்டும் நாள் இனித்தான் வரவேண்டும்.

இந்தப் பணி தொலைவில் மட்டும் நடப்பதல்ல. 1986 இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தவர்கள் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும். அதே சென்னையின் காசநோய் ஆய்வு மையத்தில் 2006 இல் எச்.ஐ.வி தடுப்பூசியொன்றின் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. இந்தியாவில் அதிகம் பரவும் ‘சி’ வகை வைரசின் மரபணுக்களைக் கொண்டு செய்த அந்தத் தடுப்பூசிக்கு 32 பேர் மனமுவந்து முன்வந்தார்கள். அது பாதுகாப்பானதென்று தெரிந்தது. பெரிய சோதனை வரை அது போகவில்லை. அந்த 32 பேரின் துணிவு வீணானதென்று நான் கருதவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவன் வரதராஜனின் குழு எச்.ஐ.வி உறைப்புரதத்தைப் புதிதாக வடிவமைத்து விலங்குகளில் சோதித்து வந்திருக்கிறது.

இலங்கையில் முதல் எச்.ஐ.வி தொற்றாளர் இனங்காணப்பட்டது 1980களின் பிற்பகுதியில். தொற்று வீதம் இன்றும் மிகக் குறைவு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கையை உறுதிப்படுத்தியது. தடுப்பூசி இல்லாமலே, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனையும் உரியவர்களுக்கு மருந்தும் கொடுத்து எட்டிய வெற்றி அது. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியம் காக்கப்படும். மருந்தை ஒழுங்காக எடுத்து வைரசின் அளவு அளவீட்டுக்குள் அகப்படாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாக அது பிறருக்குத் தொற்றுவதில்லை. தடுப்பூசிக்காகக் காத்திருந்து இவற்றைத் தள்ளிப்போட எவருக்கும் காரணம் இல்லை.

நாளை வரப்போகும் எச்.ஐ.வி தடுப்பூசி ஒரே ஊசியாக இருக்காது என்பதை விலங்காய்வுகள் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிட்டன. மாதங்கள் இடைவெளியில், முறை தவறாமல், வெவ்வேறு புரதங்களை ஏற்ற வேண்டியிருக்கும். பல நாடுகள் இதைக் கேட்டே மலைத்துப்போகும். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும், 2017 இல் பாடசாலைகளில் சிறுமிகளுக்கு எச்.பி.வி தடுப்பூசியை இரண்டு தவணையாக ஏற்றத் தொடங்கிய சுகாதாரத் துறையும் உள்ள இலங்கைக்கு அது இயலாத காரியமல்ல. வாவியின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களுக்குத் தவணை தவறாமல் தடுப்பூசி கொண்டுபோகும் ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. பல தவணைத் தடுப்பூசியின் விலை பற்றிய பேச்சு தொடங்கும்போது, அதை உருவாக்கும் நாடுகளின் மேசையில் நம்மைப் போன்ற நாடுகளும் இருக்க வேண்டும். அதை இப்போதே கேட்கத் தொடங்குவது நம் அரசின் பொறுப்பு, அரசைக் கேட்க வைப்பது நம் பொறுப்பு.